வாக்கர் என்றால் நடப்பவர் இல்லை: குடும்பப் பெயர் விற்கும் கடைகளும் சேவைகளும் ஒரு மதிப்பீடு

பிரிட்டனில் கோட்டை, அரண்மனை, கதீட்ரல் என்று சுற்றுலாக் கூட்டம் கூடும் இடங்களில் ஒரு வகைக் கடையைப் பார்க்கலாம். உங்கள் சர்நேமைச் சொன்னால் அதன் ‘வரலாற்றை’ அச்சடித்துக் கொடுப்பார்கள். பழைய தோல்சுருள் மாதிரி மஞ்சள் பூசிய தாள், நடுவில் கேடயம், அதன் மேல் தலைக்கவசம், கீழே லத்தீனில் ஒரு வாசகம், அதற்கும் கீழே இருநூறு முந்நூறு சொல்லில் ஒரு கதை. கல்லாவில் இருப்பவர் பெயரைக் கணினியில் தட்டுவார், தாள் வந்துவிடும். அதே சின்னம் காபிக் கோப்பையிலும் சாவிக்கொத்திலும் கிடைக்கும். அமெரிக்க, ஆஸ்திரேலிய மால்களிலும் இணையத்திலும் இதே வியாபாரம்தான்.

இந்தச் சுருள் தவிர, ஆங்கிலக் குடும்பப் பெயரின் பூர்வீகம் சொல்கிறேன் என்று இன்னும் நாலு கடை திறந்திருக்கிறது: அகராதி, வரைபடத் தளம், பிறப்பு-திருமணப் பதிவுகளின் அட்டவணை, டிஎன்ஏ சோதனை. சில இலவசம், சில விலை அதிகம். எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க ஒரே பெயரை எல்லாவற்றிலும் போட்டுப் பார்ப்பதுதான் நேர்வழி. அதற்கு ‘வாக்கர்’ தோதான பெயர். மிகப் பரவலான பெயர். அர்த்தம் தெரியும் என்று எல்லோரும் நினைக்கும் பெயர். அதே தொழிலைக் குறிக்கும் இரண்டு பங்காளிப் பெயர்களும் இதற்கு உண்டு. ஆகவே விவரம் தெரிந்த கடை எது, தெரியாத கடை எது என்பது சீக்கிரம் வெளியே வந்துவிடும்.

முதலில் பெயர். வாக்கர் நடந்தது உண்மைதான். சாலையில் அல்ல, தொட்டியில். பழைய ஆங்கிலத்தில் ‘வெயால்கன்’ என்றால் உருட்டுவது, புரட்டுவது. அந்த வேலை செய்பவர் ‘வெயால்கெரெ’. தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி சல்லடை மாதிரி இருக்கும். ஆட்டு ரோமத்தின் பிசுக்கும், நூற்கும்போது தடவிய எண்ணெயும் அதில் அப்படியே நிற்கும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் நாள்பட்ட சிறுநீரும் ஒரு வகைக் களிமண்ணும் சேர்த்து மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். சிறுநீரிலுள்ள அம்மோனியா பிசுக்கைக் கரைக்கும், களிமண் அதை உறிஞ்சும். மிதிக்க மிதிக்க ரோம இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகும். துணி சுருங்கி, தடித்து, காற்றும் மழையும் எளிதில் புகாத பதத்துக்கு வரும். பிறகு கொக்கிகள் வரிசையாக அடித்த மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். அந்தக் களிமண்ணுக்கு ஆங்கிலத்தில் ‘ஃபுல்லர்ஸ் எர்த்’ என்று பெயர். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் முகத்தில் பூச விற்கும் முல்தானி மிட்டி அதே வகை மண்தான்.

12ஆம் நூற்றாண்டில் இந்த வேலையை நீர்ச்சக்கரம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. சக்கரம் சுழல, மரச் சம்மட்டிகள் தூக்கித் தூக்கித் துணிமேல் விழும். டெம்ப்ளர் எனப்படும் துறவி-வீரர் அமைப்பு 1185இல் தன் நிலங்களைக் கணக்கெடுத்தபோது இப்படிப்பட்ட ஆலைகளைக் குறித்து வைத்திருக்கிறது. மிதித்த கால்கள் போய் சம்மட்டி வந்தபிறகும் பெயர் மட்டும் ‘மிதிப்பவர்’ என்றே நின்றது. ஆங்கிலேயரிடம் பரம்பரைக் குடும்பப் பெயர் ஊன்றியதும் கிட்டத்தட்ட அந்தக் காலத்தில்தான். 1066இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் நிலக்கிழார்களிடம் தொடங்கி, 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களுக்கு வந்து சேர்ந்தது. தச்சராக ஆன மகனும் வாக்கர்தான், பாதிரியான பேரனும் வாக்கர்தான். தொழில் கழன்று விழுந்த பிறகு பெயர் எந்தத் தொழிலையும் கட்டாயப்படுத்தவில்லை. தொழிற்பெயர் சாதிப்பெயராக உறைந்துபோன ஊரிலிருந்து பார்க்கும்போது கவனிக்க வேண்டிய வித்தியாசம் இது.

இதே தொழிலுக்கு இங்கிலாந்தின் தென்கிழக்கிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் ‘ஃபுல்லர்’ என்று பெயர். டெவன், சாமர்செட், கார்ன்வால் அடங்கிய தென்மேற்கில் ‘டக்கர்’. வடக்கிலும் மிட்லண்ட்ஸ் எனும் நடுப்பகுதியிலும் ‘வாக்கர்’. மூன்றும் வட்டார வழக்கு, அவ்வளவே. நாம் ஒரே பண்டத்தை ஊருக்கொரு பெயரில் கேட்டு வாங்குவது மாதிரி. டக்கர் வந்தது ‘தூகியன்’ என்ற பழைய வினையிலிருந்து. வதைப்பது, துன்புறுத்துவது என்று பொருள். துணியின் பாடு அப்படி! கார்ன்வாலில் கேம்போர்னுக்குப் பக்கத்தில் ‘டக்கிங்மில்’ என்று ஒரு ஊரே இருக்கிறது. 1620இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா போன எட்வர்ட் ஃபுல்லர், சாமுவேல் ஃபுல்லர் சகோதரர்கள் நார்ஃபோக்கின் ரெடன்ஹால் ஊர்க்காரர்கள். பெயரும் ஊரும் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகின்றன பாருங்கள்.

விலக்குகளும் உண்டு. ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தில் கேலிக் மொழியில் ‘துணி மிதிப்பவர் மகன்’ என்ற பெயர் கொண்ட சில குடும்பங்கள் பிற்பாடு அதை ‘வாக்கர்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டன. நியூகாசிலில் வாக்கர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர் அந்த வழியாகப் போகிறது; ‘சுவரோரச் சதுப்பு’ என்பதுதான் அந்த இடப்பெயருக்குப் பொருள், மிதிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு சேவை இவ்வளவையும் சொல்ல வேண்டும் என்றில்லை. வாக்கரும் ஃபுல்லரும் டக்கரும் ஒரே தொழில் என்பதையாவது அது சொல்ல வேண்டும்.

சுருளுக்கு வருவோம்

சுருளின் பெரிய குறை கேடயம். ‘வாக்கர் குடும்பத்தின் சின்னம்’ என்று ஒன்று கிடையாது. எந்தச் சர்நேமுக்கும் கிடையாது. இங்கிலாந்தில் மரபுச் சின்னம் வழங்குவது 1484இல் மூன்றாம் ரிச்சர்டின் சாசனத்தால் அமைந்த ‘காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்’. அது சின்னத்தைத் தனி ஒரு ஆளுக்குக் கொடுக்கும். அவருடைய சட்டபூர்வ ஆண்வழி வாரிசுகள் பயன்படுத்தலாம். அண்டை வீட்டில் அதே பெயரில் இருப்பவருக்கு அதில் உரிமை இல்லை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வாக்கர்கள் வெவ்வேறு சின்னம் வாங்கியிருக்கிறார்கள். சுருள் கடை அவற்றில் ஒன்றை எடுத்து, பெயர் சொன்ன எல்லோருக்கும் அச்சடிக்கிறது. யாரோ ஒருவர் வீட்டுப் பட்டாவை நகலெடுத்து ஊரில் அதே பெயருள்ளவர்களுக்கெல்லாம் விற்பது போல.

ஸ்காட்லாந்தில் விதி இன்னும் கறார். அங்கே மரபுச் சின்னங்களுக்கென்றே ‘லார்ட் லயன்’ நீதிமன்றம் இருக்கிறது. அடுத்தவர் சின்னத்தை எடுத்துப் போட்டுக்கொண்டால் சட்டப்படி நடவடிக்கை வரும். ஆனால் ஒரு கிளானின், அதாவது குலத்தின், உறுப்பினர் தலைவரின் சிகரச் சின்னத்தை, சுற்றி வார்ப்பட்டையும் கொக்கியும் போட்ட வடிவில், அணிந்துகொள்ளலாம். அது விசுவாசத்தின் அடையாளம், சொந்தச் சின்னம் அல்ல. பட்டை-கொக்கி வடிவத்தில் விற்கும் ஸ்காட்டிஷ் பேட்ஜ் ஏமாற்று இல்லை. முழுக்கேடயத்தோடு விற்பதுதான் கோளாறு.

அடுத்தது வாசகம். சுருள்களில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு சொற்றொடரைக் கவனியுங்கள். ஒன்று, ‘இப்பெயர் முதலில் பதிவானது இந்த ஆண்டு, இந்த மாவட்டத்தில்’. தகவல் சரியாகவே இருக்கலாம். ஆனால் இன்றைக்குக் கிடைத்துள்ள ஆவணங்களில் முதலாவதாகத் தென்படுபவர் அவர், அவ்வளவுதான். துணி நெய்த ஒவ்வொரு ஊரிலும் ஒரு மிதிப்பவர் இருந்தார்; அவர்களில் பலருக்குத் தனித்தனியாக இந்தப் பெயர் ஒட்டியது. முதலில் பதிவானவர் உங்கள் பாட்டனாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டாவது, ‘வெற்றிவீரர் வில்லியத்துடன் 1066இல் வந்த குடும்பம்’. அந்த நார்மன் படையெடுப்பின் ஹேஸ்டிங்ஸ் போரில் அவரோடு நின்றவர்கள் என்று உறுதியான சான்றோடு பெயர் சொல்லக்கூடியவர்கள் இருபது பேர் சொச்சம். பழைய ஆங்கில வேரில் முளைத்த வாக்கருக்கும் டக்கருக்கும் அந்தக் கப்பலில் இடமே இல்லை.

காசு கொடுக்குமுன் செய்யக்கூடிய ஒரு பரிசோதனை இருக்கிறது. பெரும்பாலான விற்பனைத் தளங்கள் முதல் நாலு வரியை இலவசமாகக் காட்டும். உங்கள் பெயரை விட்டுவிட்டு ‘கவர்ட்’ என்று தேடுங்கள். கோழை என்று சொன்னால் மூடிவிட்டு வெளியே வாருங்கள். அது மாடு மேய்ப்பவர், ‘கவ்-ஹெர்ட்’. ‘ஃபார்மர்’ போடுங்கள். விவசாயி என்று மட்டும் சொன்னால் அதுவும் தேறாது. இடைக்கால ஆங்கிலத்தில் ஃபார்மர் என்பவர் ஒரு தொகைக்கு வரியையோ வாடகையையோ குத்தகை எடுத்து வசூலிப்பவர். உழவர் என்ற பொருள் வெகு பின்னால் வந்தது. ‘ராம்ஸ்பாட்டம்’ என்றதும், கிடாவின் பின்புறம் என்று தோன்றி, சிரிப்பு வரும். அதில் ‘பாட்டம்’ என்பது பள்ளத்தாக்கின் அடித்தரை. பழைய லங்காஷயரில் பரி நகரத்துக்கு வடக்கே அந்தப் பெயரில் ஊர் இன்றும் இருக்கிறது. மூன்றுக்கும் சரியாகப் பதில் சொல்லும் தளத்தின் ‘வாக்கர்’ பதிவையும் நம்பலாம்.

சுவரில் மாட்ட அழகாகத்தான் இருக்கும். பரிசாகக் கொடுத்தால் வாங்குபவர் சந்தோஷப்படுவார். தகவலுக்காக என்றால் பத்துக்கு இரண்டு மதிப்பெண்.

அகராதி

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் 2016இல் வெளியிட்ட பிரிட்டன்-அயர்லாந்து குடும்பப் பெயர் அகராதிதான் இப்போதைக்கு அளவுகோல். நான்கு தொகுதி, 45,000க்கு மேல் பெயர்கள். 2011இல் நூறு பேருக்கு மேல் தாங்கிய பெயர்களும், 1881 கணக்கெடுப்பில் இருபது பேருக்கு மேல் இருந்த பெயர்களும் உள்ளே இருக்கின்றன. ஒரு பதிவு எப்படி அமைந்திருக்கிறது என்பதில்தான் அதன் தரம் தெரியும். இன்றைய எண்ணிக்கை, 1881இன் எண்ணிக்கை, எந்தப் பகுதியில் அடர்த்தி, பிறகு வேர்ச்சொல் விளக்கம், கடைசியாக முற்காலத்தில் அந்தப் பெயர் தாங்கியவர்கள், ஆண்டோடும் ஆவணத்தோடும். விளக்கத்தை நம்புவதா வேண்டாமா என்பதை நீங்களே சரிபார்க்கலாம். சுருளில் இல்லாதது இதுதான்.

வீட்டுக்கு வாங்கி வைக்கும் விலையில் இல்லை. பிரிட்டனில் இருப்பவர்கள் உள்ளூர்ப் பொது நூலக அட்டையை வைத்து ஆக்ஸ்ஃபோர்டின் இணையப் பதிப்பு திறக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பல நூலகங்கள் சந்தா கட்டியிருக்கின்றன. படிக்கும்போது செய்யும் வழக்கமான தவறு, நாலு விளக்கம் கொடுத்திருந்தால் நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வது. டக்கர் என்பது டெவனில் துணி மிதிப்பவர். அயர்லாந்தில் ‘ஓ’ போட்ட ஒரு கேலிக் குலப்பெயரை ஆங்கிலப்படுத்தியதாகவும் இருக்கலாம். எது உங்களுடையது என்பதை அகராதி தீர்மானிக்காது. உங்கள் முப்பாட்டன் எந்த ஊர் என்பதுதான் தீர்மானிக்கும்.

வரைபடம்: இருப்பதிலேயே உருப்படியான இலவசம்

லண்டனின் யுசிஎல் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் குடும்பப் பெயர்களை வரைபடத்தில் ஏற்றியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டுக் கணக்கெடுப்பு ஒரு பக்கம், அண்மைக்காலப் பட்டியல்கள் மறுபக்கம். வரைபடத் தளம் எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது 1881 படம். அந்த ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி இரவு எடுத்த கணக்கெடுப்பு முழுவதும் தன்னார்வலர்களால் எழுத்துப்பெயர்க்கப்பட்டது. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

இங்கே தவறு நடப்பது நிறத்தைப் படிப்பதில். எண்ணிக்கைப் படத்தில் எந்தப் பெயரைப் போட்டாலும் லண்டன் கருப்பாகத் தெரியும், ஏனென்றால் அங்கே எல்லோரும் அதிகம். பத்தாயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று காட்டும் விகிதப் படத்துக்கு மாற்றிப் பாருங்கள். வாக்கர் வடக்கே பரவி நிற்கும், டக்கர் தென்மேற்கு மூலையில் அழுந்தி நிற்கும், ஃபுல்லர் தென்கிழக்கில். தொழில் வழக்கின் எல்லைக்கோடு ஐந்நூறு ஆண்டு கழித்தும் கணக்கெடுப்பில் கிடக்கிறது. காசு கொடுத்து வாங்கும் எந்தச் சுருளும் இதைக் காட்டாது.

அதே சமயம் எல்லாப் பெயருக்கும் இது ஒரே அளவு பயன் தராது. ராம்ஸ்பாட்டம் மாதிரி ஒரே ஊரில் பிறந்த பெயர் என்றால் படம் ஊரையே சுட்டும். வாக்கர் போலப் பல இடத்தில் முளைத்த பெயர் என்றால் ‘வடக்கு’ என்பதற்கு மேல் நகராது. 1881 என்பது தொழிற்புரட்சி மக்களைக் கிராமத்திலிருந்து மில் நகரங்களுக்கு வாரிக்கொண்டு போன பிறகு எடுத்த படம் என்பதையும் மறக்கக் கூடாது.

எத்தனை பேர் என்ற கேள்விக்கு: இங்கிலாந்தில் வாக்கர் வழக்கமாக முதல் இருபது பெயர்களுக்குள் வரும். அமெரிக்கா 2010 கணக்கெடுப்பில் நூறு பேருக்கு மேல் தாங்கிய எல்லாப் பெயரையும் பட்டியலிட்டது. அதில் வாக்கர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். யார்க்ஷயர் துணித் தொட்டிக்கும் அவர்களுக்கும் ரத்தத் தொடர்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அடிமைக் காலத்திலும் விடுதலைக்குப் பிறகும் வந்து சேர்ந்த பெயர்கள் அவை. கூந்தல் பராமரிப்புப் பொருட்களை விற்றுத் தொழிலதிபராக உயர்ந்த மேடம் சி.ஜே. வாக்கர் 1867இல் சாரா பிரீட்லவ் என்ற பெயரில் பிறந்தவர். வாக்கர் என்பது கணவர் வழி வந்தது. உலக வரைபடத்தில் ஒரு நாடு கருத்துத் தெரிவதை வைத்துப் பூர்வீகம் சொல்லும் தளங்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

பதிவுகள்: காசு போக வேண்டிய இடம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பிறப்பு-திருமண-இறப்புப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியது. அதன் அட்டவணையைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கும் தளம் ஃப்ரீபிஎம்டி. பார்க்கப் பழங்காலத் தளம் மாதிரி இருக்கும், வேலை உருப்படி. வாக்கர் என்று மட்டும் போட்டால் விடை மலையாகக் குவியும், தளம் மறுத்துவிடும். ஒரு முதற்பெயர், இரண்டு மூன்று ஆண்டு, முடிந்தால் மாவட்டம் என்று குறுக்க வேண்டும். விடையில் ஆண்டின் காலாண்டு, மாவட்டம், தொகுதி, பக்கம் நான்கும் வரும். 1852 முதலான தொகுதிக் குறியீட்டைப் படிக்கப் பழகினால் நேரம் மிச்சம்: 9 என்று தொடங்கினால் யார்க்ஷயர், 8 என்றால் லங்காஷயர்-செஷயர், 5பி டெவன், 4பி நார்ஃபோக்.

காலாண்டு என்பது பதிந்த தேதியை ஒட்டியது, பிறந்த தேதியை அல்ல. பதிவு செய்ய 42 நாள் அவகாசம் இருந்ததால், டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டில் இருக்கக்கூடும். கிடைக்கவில்லை என்று கைவிடுபவர்களில் பலர் அடுத்த காலாண்டைப் பார்க்காதவர்கள். 1875க்கு முந்தைய பிறப்பு என்றால் பதியாமலே விட்டிருக்கவும் கூடும். அதற்குப் பிறகுதான் சட்டம் இறுகியது. அடுத்தது கையெழுத்து: வாக்கர், வாலர், வால்ட்டர் மூன்றும் பழைய எழுத்தில் ஒன்று போலவே இருக்கும். டக்கரைத் தேடும்போது ‘டூக்கர்’ என்ற எழுத்தையும் சேர்த்துத் தேடுங்கள். அது எழுத்துப்பிழை இல்லை, உண்மையான கிளை வடிவம்.

பொதுப் பதிவாளர் அலுவலகமான ஜிஆர்ஓவின் சொந்த இணைய அட்டவணையும் இருக்கிறது. கணக்குத் திறந்தால் போதும், தேட இலவசம். இதில் பெரிய வசதி, தாயின் கன்னிப்பருவச் சர்நேம் 1837 முதலே காட்டும். பழைய அட்டவணையில் அது 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் உண்டு. ஒரே மாவட்டத்தில் நாலு ஜான் வாக்கர் இருந்தால் பிரித்தெடுக்க இதுதான் சாவி. அந்த இடத்தில் வெறும் கோடு இருந்தால் கவனியுங்கள்: பெரும்பாலும் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை, தாயின் பெயரே குழந்தைக்கும் போயிருக்கிறது. அங்கிருந்து மேலே போகும் வாக்கர் கொடி தாயின் கொடி.

சான்றிதழ் வாங்கும்போது திருமணச் சான்றிதழிலிருந்து தொடங்குவது சிக்கனம். மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் அவர்களுடைய தொழிலும் அதில் இருக்கும். தாய்மார் பெயர் சேர்ந்தது 2021 மே மாதத்தில்தான். தந்தை பெயர் கிடைத்ததும் அவருடைய பிறப்பு, பிறகு அவருடைய பெற்றோரின் திருமணம் என்று ஏறலாம். 2024 விலைப்படி தாள் சான்றிதழ் 12.50 பவுண்டு; நூறாண்டு கடந்த பிறப்புப் பதிவின் டிஜிட்டல் படம் 3 பவுண்டு. திருமணத்துக்குப் படச் சலுகை இல்லை, தாள்தான். மூன்று தலைமுறைக்கு மூன்று பிறப்பு, மூன்று திருமணம் என்றால் 46.50 பவுண்டு. அந்தப் பணத்துக்கு உங்கள் பாட்டனார் பெயர், ஊர், தொழில் எல்லாம் அரசுப் பதிவிலிருந்தே கிடைக்கிறது.

ஸ்காட்லாந்து இதில் சேராது. அங்கே 1855இல் பதிவு தொடங்கியது. ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள் என்ற அரசுத் தளத்தில் கிரெடிட் வாங்கிப் பார்க்க வேண்டும். வாக்கர்கள் அங்கேயும் ஏராளம் என்பதால், இங்கிலாந்து-வேல்ஸ் அட்டவணையில் இல்லாத வாக்கரை முதலில் எல்லைக்கு வடக்கே தேடுங்கள்.

1837க்கு முன்னால் மாதாகோயில் பதிவேடுகள்தான். 1538இல் தாமஸ் கிராம்வெல்லின் ஆணையால் தொடங்கியவை. ஃப்ரீரெக், ஃபேமிலிசர்ச் இரண்டிலும் இலவசமாகத் தேடலாம்; உள்நாட்டுப் போரும் அதன் பிறகான குழப்பமும் நடந்த 1640-1660 காலத்தில் பெரிய ஓட்டைகள் இருக்கும். டக்கர் குடும்பத்தார் இன்னொன்றும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: 1942 குண்டுவீச்சில் எக்ஸிடர் நகரம் எரிந்தபோது அங்கே வைத்திருந்த டெவன் உயில்கள் பெரும்பாலும் சாம்பலாயின. உயிலைத் தேடித் தரச் சொல்லி ஆராய்ச்சியாளருக்கு முன்பணம் கட்டுமுன் இதை யோசியுங்கள்.

டிஎன்ஏ சோதனை

சர்நேமுக்காக என்றால் ஒய் குரோமோசோம் சோதனை மட்டும்தான் பொருந்தும். அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் பாதை பெயருக்கும் ஒய்க்கும் ஒன்றே. கடையில் மலிவாகக் கிடைக்கும் பொதுச் சோதனைப் பெட்டி எல்லாக் கிளையையும் கலந்து காட்டும். அது வேறு வேலைக்கு நல்லது, இதற்கு இல்லை. பெண்கள் தங்கள் தந்தை, சகோதரர், பெரியப்பா-சித்தப்பா வழி ஆண் ஒருவரின் மாதிரியைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பயன் பெயரைப் பொறுத்தது. 2000ஆம் ஆண்டு வந்த ஓர் ஆய்வில் ‘சைக்ஸ்’ என்ற யார்க்ஷயர் பெயர் தாங்கிய, ஒருவருக்கொருவர் உறவு தெரியாத ஆண்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் ஒரே ஒய் வகையைப் பகிர்ந்திருந்தார்கள். 2009இல் 40 பிரிட்டிஷ் பெயர்களை வைத்துச் செய்த ஆய்வில் அரிய பெயர்களில் ஒற்றுமை பலமாகத் தெரிந்தது. ஸ்மித் போன்ற பரவலான பெயர்க்காரர்களைச் சோதித்ததற்கும் தெருவில் போகிறவர்களைப் பிடித்துச் சோதித்ததற்கும் வித்தியாசமில்லை. வாக்கரும் ஸ்மித் கட்சிதான். ஆகவே ‘நான் எந்த வாக்கர்’ என்று பொதுவாகத் தெரிந்துகொள்ளச் சோதனை செய்தால் பணம் வீண். ஆவணத்தில் ஒரு குறிப்பிட்ட குடும்பம்வரை வந்து நின்றுவிட்டீர்கள், அந்தக் குடும்பத்தின் இன்றைய ஆண் வாரிசு ஒருவர் சோதிக்கச் சம்மதிக்கிறார் என்றால் இருவரும் ஒய்-37 (ஒய் குரோமோசோமில் 37 குறியிடங்களைப் பார்க்கும் சோதனை) எடுத்து ஒப்பிடுங்கள். ஒத்து வந்தபிறகு, கிளை எங்கே பிரிந்தது என்று தேட வேண்டுமானால் மட்டும் ஒய்யை இன்னும் விரிவாகப் படிக்கும் பிக் ஒய்-700.

தலைமுறைக்கு 1 முதல் 2 சதவீதம் பெயரும் ஒய்யும் பிரிந்துபோவதாக ஆய்வுகள் சொல்கின்றன: தத்து, மறுமணம், சொல்லாமல் விட்ட தந்தை. இருபது தலைமுறைக்குக் கூட்டிப் பார்த்தால் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை கொடி எங்கேயோ ஒட்டுப்போட்டது. சோதனைக்கு முன் வீட்டில் இதைப் பேசிவிடுவது நல்லது.

சென்னையிலிருந்து தேடுபவர்களுக்கு

பெரம்பூர், பல்லாவரம், போத்தனூர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் சுருளையும் வரைபடத்தையும் விட்டுவிட்டு நேராகப் போக வேண்டிய இடம் ஃபிபிஸ். பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களுக்காக 1998இல் தொடங்கிய சங்கம். அதன் தேடுதளம் இலவசம். மூல ஆவணங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பிரிவில் இருக்கின்றன. சென்னை மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் என்/2 என்ற வரிசையில், 1698 முதல் 1948 வரை. கல்கத்தா என்/1, பம்பாய் என்/3. ஃபைண்ட்மைபாஸ்ட் கட்டணத் தளத்தில் இவற்றின் படங்களைப் பார்க்கலாம். ஒரு மாதச் சந்தா போட்டு, தேட வேண்டிய பெயர்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு முடித்துவிடலாம்.

நம் அரசியல் சட்டத்தின் 366(2)ஆவது பிரிவு, தந்தையோ ஆண்வழி முன்னோர் எவரோ ஐரோப்பிய வம்சத்தவர் என்பதை வைத்துத்தான் ஆங்கிலோ-இந்தியரை வரையறுக்கிறது. சர்நேம் போகும் அதே வழி. ஆனால் ஒரு ஆங்கிலப் பெயர் சென்னையில் ஒட்டியதற்குத் தந்தை மட்டுமே காரணம் இல்லை. மதம் மாறியபோது எடுத்துக்கொண்ட பெயரும் உண்டு, அனாதை இல்லத்துப் பதிவேட்டில் எழுதப்பட்ட பெயரும் உண்டு. 1789இல் எழும்பூரில் தொடங்கிய இராணுவ ஆண் அனாதை இல்லத்தில் ஐரோப்பியச் சிப்பாய்களின் மகன்கள் நிறையப் படித்தார்கள். தகப்பன் சிப்பாய் என்றால் ரெஜிமென்ட் பெயர் பல சமயம் ஞானஸ்நானப் பதிவிலேயே இருக்கும். கம்பெனிப் படையின் ஆள்சேர்ப்புப் பட்டியலை அதைக் கொண்டு தேடினால், அவர் இங்கிலாந்தில் எந்த ஊர் என்பது தெரியவரும். அந்த ஊரை 1881 படத்தோடு ஒப்பிடுவது அதற்குப் பிறகு.

18ஆம் நூற்றாண்டு ஞானஸ்நானப் பதிவுகளில் தாய் பெயர் பல சமயம் இருக்காது. இருந்தாலும் ஞானஸ்நானப் பெயர் ஒன்று மட்டும் நிற்கும். அங்கே நின்றுபோனால் உயில்களைப் பாருங்கள். இந்தியா ஆபீஸில் எல்/ஏஜி/34/29 வரிசை. குழந்தைகளின் தாய்க்கு வீடோ மாதப்படியோ எழுதி வைத்த ஐரோப்பியர்கள் அவளை ஊர்ப் பெயரிலேயே குறித்திருப்பதுண்டு. ஆங்கிலக் காதுக்கு எட்டியபடி எழுதிய பெயர் என்பதால், சத்தமாகப் படித்துப் பார்த்தால்தான் தமிழோ தெலுங்கோ என்று பிடிபடும்.